அப்பாவின் ஏழு மணி, அம்மாவின் ஏழரை மணி

எண்பத்திரண்டாம் ஆண்டு பிறந்தபோது அரசாங்கம் எங்கள் கடிகாரங்களை எல்லாம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. இனிமேல் கடலுக்கு அப்பால் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களுக்கும் நமக்கும் ஒரே நேரம் என்றார்கள். கோல சிலாங்கூருக்கு வடக்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருந்த எங்கள் தோட்டத்தில் யாருக்கும் சபாவிலோ சரவாக்கிலோ ஒரு வேலையும் இல்லை. இருந்தாலும் அரை மணி நேரம் போயே போய்விட்டது. அதை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அம்மா கேட்டாள்.

அப்பா தோட்டத்தில் மண்டோர். விடியற்காலையில் எல்லோரும் கூடி நிற்கும் பிரட்டில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யார் எந்த நிரையில் பாலுக்காகப் பட்டையைச் சீவி மரம் வெட்டுவது என்று பிரித்து அனுப்புவதும், பிறகு மரம் மரமாகப் போய் வெட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. அம்மாவும் அவருக்குக் கீழே மரம் வெட்டினாள். வீட்டுக்காரிக்குச் சலுகை காட்டுகிறார் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, தோட்டத்திலேயே அப்பா அதிகமாகத் திட்டியது அவளைத்தான். "என்னா வெட்டு இது, கோழி கெளறுன மாதிரி?" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்துவார். அம்மா கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவாள். கல்யாணமாகி இருபது வருடமும் அப்படித்தான்.

அப்பாவுக்கு இனிப்பு நீர் இருந்தது. கூடவே இரத்தக் கொதிப்பு, வயிற்றெரிச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர்தான் எங்கள் எல்லோருக்கும் டாக்டர். அவர் சாயங்காலத்துக்கு மூன்று வகை மாத்திரை கொடுத்திருந்தார். இனிப்பு நீருக்கு வெள்ளை, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால், ஏழு மணிக்கு. மஞ்சள், சாப்பிட்டு முடித்ததும். சின்னதாக ரோஸ் நிறத்தில் ஒன்று, படுக்கும்போது. வேறு யாராக இருந்தாலும் நினைவு வந்தபோது வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள்.

அப்பா மாத்திரைகளுக்கும் பிரட்டு வைத்தார். ஆறே முக்காலுக்குக் குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்கு முன்னால் பெஞ்சில் உட்காருவார். மேசையில் மூன்று சோடா மூடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி "வெள்ளை!" என்று கூப்பிடுவார். வெள்ளை வாய்க்குள் போகும். மஞ்சள் உருண்டு கீழே விழுந்தால் அதற்கும் திட்டு உண்டு. "ஒழுங்கா நிக்கத் தெரியாது?" படுக்கும்போது என்று டிரெசர் சொல்லியிருந்ததால், ரோஸ் மாத்திரையை மல்லாந்து படுத்துக்கொண்டுதான் விழுங்குவார். புரையேறும். இருமுவார். எழுந்து உட்கார்ந்து ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டு அப்புறம்தான் தூங்கப் போவார். இதற்கெல்லாம் நாங்கள் சிரிக்கக் கூடாது. சிரிப்பு வந்தால் நானும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிடுவோம்.

புத்தாண்டன்று காலையில் அப்பா ரேடியோவைக் கேட்டுத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்தினார். பிறகு நாற்காலி போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைத் திருத்தப் போனார். அது அம்மாவுக்குப் புக்கிட் பெலிம்பிங்கில் இருந்த அவள் பிறந்த வீட்டில் கொடுத்தது.

"அதுல கை வைக்காதீங்க" என்றாள் அம்மா.

"கவர்மெண்டு மாத்திடிச்சு. இனிமே இதான் நேரம்."

"கவர்மெண்டு மாத்திக்கட்டும். நான் என்னா குத்தம் பண்ணேன், என் அரை மணி நேரத்தப் புடுங்கறதுக்கு? எங்கப்பா குடுத்த கடியாரம். ஏழரைக்குச் சோறு போடறேன்னு சொன்னா, இது ஏழரைன்னு சொல்லும்போதுதான் போடுவேன்."

அப்பா நாற்காலியில் இருந்து இறங்கினார். வெளியே நூறு பேரை அதட்டுகிற மனிதருக்கு அந்தக் கடிகாரத்திடம் மட்டும் ஏனோ பலிக்கவில்லை. ஆனால் தோற்றதாகவும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் இரண்டு நேரம் ஓடியது. அப்பாவின் கையில் புது நேரம். அம்மாவின் சுவரில் பழைய நேரம்.

கணக்கில் கெட்டிக்காரர்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. அப்பா தன் கைக்கடிகாரத்தில் ஏழு மணிக்கு வெள்ளை மாத்திரையைப் போட்டார். அம்மா தன் சுவர்க் கடிகாரத்தில் ஏழரைக்குச் சோறு போட்டாள். அவள் ஏழரை அவருக்கு எட்டு மணி. நடுவில் அரை மணி நேரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துகொண்டது. போதாக்குறைக்கு, அந்த மாதம்தான் டிரெசர் வெள்ளை மாத்திரையை ஒன்றிலிருந்து இரண்டாக்கி, சாயங்கால டீயையும் பிஸ்கட்டையும் நிறுத்தச் சொல்லியிருந்தார். தன் கடிகாரத்தில் ஏழரை ஆனதும் அப்பா வெறும் தட்டின் முன்னால் விறைப்பாக உட்காருவார். சோறு கேட்க மாட்டார். கேட்டால் அம்மா சுவரைக் காட்டுவாள் என்று தெரியும். அம்மாவும் குழம்பு தயாராக இருந்தாலும் நகர மாட்டாள்.

அந்த அரை மணி நேரத்தில்தான் அப்பா வேறு ஆளாக மாற ஆரம்பித்தார்.

முதல் நாள் நெற்றியில் வியர்த்தது. கை லேசாக நடுங்கியது. பிறகு சிரித்தார். அப்பாவின் பற்களை முழுதாக அன்றுதான் பார்த்தேன். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவி, "என் புள்ள மாதிரி கெட்டிக்காரி இந்த ஜில்லாவுலயே கெடையாது" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. எட்டு மணிக்குச் சோறு வந்தது. சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் அப்பா பழைய அப்பாவாகி, மஞ்சள் மாத்திரையைத் திட்டினார். தலையைத் தடவியது அவருக்கு நினைவே இல்லை.

மூன்றாம் நாள் அந்த நேரத்தில் அடுத்த வீட்டுக்காரர் சைக்கிள் பம்ப் இரவல் கேட்டு வந்தார். அப்பா சைக்கிளையே கொடுத்துவிட்டார். "வெச்சுக்கய்யா, எனக்கு ரெண்டு கால் இருக்கு." மறுநாள் காலையில் சைக்கிளைத் திருடிவிட்டதாக அதே மனிதரின் சட்டையைப் பிடித்தார். அவர் பாவம், சத்தியம் செய்துவிட்டு, அப்பாவின் வாயை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார். கள்ளு வாடை இல்லாததுதான் அவரை இன்னும் குழப்பியது.

செய்தி லயத்து வீடுகளில் எல்லாம் பரவிவிட்டது. மண்டோருக்கு அந்தி நேரத்தில் மனசு இளகுதாம், என்ன கேட்டாலும் சரி என்கிறாராம். ஒரு வாரத்தில் எங்கள் வாசற்படியில் ஆட்கள் வரிசை கட்டினார்கள். லீவு கேட்க ஒருவர், நல்ல நிரைக்கு மாற்றச் சொல்லி ஒருவர், மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட ஆள் கேட்டு ஒருவர். "ஏழரைக்கு வந்தா காரியம் முடியும்" என்று யாரோ சொல்லிவைத்ததில் பெரிய குழப்பம். புது நேரம் ஏழரைக்கு வந்தவர்களுக்கு அப்பா கேட்டதற்கு மேலே கொடுத்தார். பழைய நேரம் ஏழரைக்கு வந்தவர்களுக்கு முறை வருவதற்குள் அவர் சாப்பிட்டு முடித்திருப்பார். அவர்களுக்கு வாய் நிறைய வசவு கிடைத்தது. லீவு வாங்கியவர்களும் நிம்மதியாக இல்லை. மறுநாள் பிரட்டில், "எவன் ஒனக்கு லீவு குடுத்தது?" என்று லீவு கொடுத்தவரே கேட்டார். ஒரு கிழவர் மட்டும் தைரியமாகச் சொன்னார். "நீங்கதான்லா குடுத்தீங்க, கண்ணுல தண்ணியோட குடுத்தீங்க." அப்பா அவரை எல்லோர் முன்னாலும் பைத்தியக்காரன் என்றார்.

இந்தக் கூத்தை நிறுத்தாமல் ஏன் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கேட்டால், அம்மாவுக்கு ஒரு காரணம் இருந்தது, எனக்கு ஒரு காரணம் இருந்தது.

ஒரு சாயங்காலம் அம்மா தட்டு வைக்க வந்தபோது, அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். என் முன்னாலேயே பிடித்தார். "உன் வெட்டு மாதிரி இந்தத் தோட்டத்துல ஒருத்தருக்கும் வராது, தெரியுமா? ஆழமும் படாது, மேலயும் போவாது. மரத்துல ஒரு காயம் இருக்காது. நீ வெட்டுன மரத்தக் கண்ண மூடிக்கிட்டுத் தடவுனாக்கூட எனக்குத் தெரியும்." அம்மா உள்ளே போய் அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. மறுநாளில் இருந்து, அப்பா உட்காரும் நேரத்துக்கு முன்பே முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, அடுப்படி வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள். சோறு இன்னும் ஐந்து நிமிடம் தாமதமானது.

என் காரணம் ஒரு பாரம். நர்ஸ் பயிற்சிக்கான விண்ணப்பப் பாரம். எனக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. தோட்டத்தைவிட்டு வெளியே போக எனக்கு இருந்த ஒரே கதவு அது. அப்பா கையெழுத்துப் போட வேண்டும். போட மாட்டேன் என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லிவிட்டார். "அடுத்தவன் மூத்திரத்த அள்ளவா ஒன்னப் படிக்க வெச்சேன்?" மாதக் கடைசிக்குள் அனுப்பவில்லை என்றால் அந்த வருடம் அவ்வளவுதான். அடுத்த வருடத்துக்குள் எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்.

ஒரு சனிக்கிழமை நான் டிரெசரிடம் போய், அப்பாவுக்கு வியர்க்கிறது, நடுங்குகிறது, ஒரு மாதிரி பேசுகிறார் என்று சொன்னேன்.

"மாத்திரை எத்தனை மணிக்குப் போடுறாரு?"

"ஏழு மணிக்கு, சார்."

"சாப்பாடு?"

"ஏழரைக்கு."

"சரியாத்தானே இருக்கு" என்றார் டிரெசர். "மாத்திரையப் போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தாத்தான் அப்படி வரும். உடம்புல சீனி ரொம்ப இறங்கிடும். அது ஆபத்து. மயங்கி விழுந்தா எழுந்திருக்காமலே போயிடலாம். அப்படி ஏதும் ஆனா உடனே சீனித் தண்ணி குடு."

நான் சொன்ன இரண்டும் உண்மை. வீட்டுக்கு நடந்து வரும்போது, பாதி வழியில், ஏழு மணி யாருடையது, ஏழரை யாருடையது என்று எனக்கு உறைத்தது. நடு ரோட்டில் நின்றேன். பின்னால் வந்த லோரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினான். திரும்பிப் போய் டிரெசரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நான் வீட்டுப் பக்கமாக நடந்தேன். கையெழுத்து வாங்கியதும் சொல்லிவிடலாம், ஒரே ஒரு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனச்சாட்சிக்காக ஒரு டம்ளரில் சீனித் தண்ணீர் கரைத்து அலமாரியில் மூடி வைத்தேன். எறும்பு வந்தது.

ஒரு நாளில் முடியவில்லை. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வாசலில் ஏழெட்டுப் பேர் மனுவோடு நின்றதால் எனக்கு முறை வரவில்லை. திங்கட்கிழமை பாரத்தை நீட்டினேன். அப்பா அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார், சோறு வரும்வரை அழுதுகொண்டே இருந்தார். செவ்வாய்க்கிழமை ஆசையோடு கையெழுத்துப் போட்டார், ஆனால் தாளில் இல்லை, மேசை விரிப்பில். புதன்கிழமை நான் அவர் கையைப் பிடித்து, இடத்தைக் காட்டி, வாங்கிவிட்டேன். கோட்டுக்கு மேலே தொடங்கி, கீழே இறங்கி, ஓரம் வரைக்கும் போன ஒரு கையெழுத்து. போட்டுவிட்டு, "நல்லா வருவ, தாயி" என்றார். அவர் சட்டை முதுகில் ஒட்டும் அளவுக்கு நனைந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பாரத்தை மடித்துப் பத்திரமாகவும் வைத்துக்கொண்டேன்.

அப்பா சாப்பிட்டு முடித்ததும் அடுப்படியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை, இரண்டு கடிகாரம், டிரெசர் சொன்ன ஆபத்து. அம்மா கேட்டுக்கொண்டே கரித்துணியை மடித்தாள். விரித்தாள். மறுபடியும் மடித்தாள்.

"அப்ப நேரத்தோட சோறு போட்டா பழையபடி ஆயிடுவாரா?"

"ஆயிடுவாரும்மா."

"நாளைக்கு ஒரு நாள் போவட்டும்" என்றாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ஒரே ஒரு நாள். நாளான்னைக்கு நானே அந்த முள்ளைத் திருப்பி வெச்சிடறேன்."

கூடாது என்று கத்தியிருக்க வேண்டும். எந்த முகத்தோடு கத்துவது? நான் ஐந்து நாள் எடுத்துக்கொண்டவள்.

வியாழக்கிழமை அம்மா வெளுத்து மடித்து வைத்திருந்த நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டாள். வாசலில் நின்ற ஆட்களை "இன்னைக்கு இல்ல, போங்கலா" என்று விரட்டிவிட்டாள். அடுப்படி வாசலில் நிற்காமல், அப்பாவுக்கு எதிரே, பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. அவளையே நெடுநேரம் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, வெளியாட்களிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"யாரும்மா நீங்க? யாரைப் பாக்கணும்?"

அம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா பக்கவாட்டில் சரிந்து, மேசையில் இருந்த சோடா மூடிகளோடு தரையில் விழுந்தார்.

நான் எறும்பு மிதந்த சீனித் தண்ணீரைக் கொண்டு ஓடினேன். அம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சீனி டப்பாவைத் திறந்து, கைநிறைய அள்ளி அவர் உதட்டுக்குள் திணித்தாள். எங்கள் கையெல்லாம் சீனி, அவர் மீசையெல்லாம் சீனி. செத்துப்போய்விட்டார் என்றே நினைத்தேன். நான்தான் கொன்றேன் என்றும் நினைத்தேன். எத்தனை நிமிடம் போனதோ, தொண்டை அசைந்தது. அப்புறம் தண்ணீர் இறங்கியது. கண்ணைத் திறந்தவர் முதலில் கேட்டது:

"மணி என்னா?"

அம்மா சுவரைப் பார்த்தாள், நான் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஆள் அனுப்பியதும் டிரெசர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அப்பா சாப்பிட்டுத் தெளிந்த பிறகு, டிரெசர் என்னிடம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். மாத்திரை எத்தனை மணிக்கு, சோறு எத்தனை மணிக்கு. இந்த முறை நான் சுவர்க் கடிகாரத்தையும் அப்பாவின் கையையும் காட்டினேன். டிரெசர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு பேரும் எந்த நாட்டுலய்யா இருக்கீங்க?" என்று அப்பாவையும் அம்மாவையும் கேட்டார். வெள்ளை மாத்திரையைப் பழையபடி ஒன்றாக்கிவிட்டுப் போனார்.

பாரத்தைக் கொண்டுவந்து அப்பாவின் முன்னால் வைத்தேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. உயிரோடு உட்கார்ந்திருக்கும் மனிதரை ஏமாற்றிவிட்டு வெளியூர் போய்ப் படிக்க எனக்குத் தெம்பில்லை. அப்பா கையெழுத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இது என் கையெழுத்து இல்ல."

"நீங்கதான் போட்டீங்க. நேத்து. சாப்பாட்டுக்கு முன்னாடி."

"எனக்கு எதனால இப்படி ஆவுதுன்னு ஒனக்கு எத்தன நாளாத் தெரியும்?"

"ஆறு நாளா."

அம்மாவின் ஒரு நாளை நான் சொல்லவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அப்பா என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்தார். பழைய கையெழுத்தின் மேல் ஒரு கோடு இழுத்து, அதன் கீழே, பிரட்டுப் புத்தகத்தில் போடுவது போல, அழுத்தமாக, நேராக, புதிதாக ஒன்று போட்டார்.

"போ. ஒன்ன வீட்டுல வெச்சிருந்தா நீ என்னைக் கொன்னுடுவ" என்றார். "எந்த மாத்திரைக்கு எவ்வளவு நேரம்னு ஒழுங்காக் கத்துக்கிட்டு வா. எவன் உயிரையும் ஆறு நாள் கையில வெச்சு வெளையாடாத."

அன்பில்லாமல், முழு நினைவோடு, சாப்பிட்ட வயிற்றோடு போட்ட கையெழுத்து. அதை வைத்துக்கொண்டுதான் நான் நர்ஸ் ஆனேன்.

மறுநாள் காலையில் அம்மா நாற்காலி போட்டு ஏறி, தானே முள்ளை அரை மணி நேரம் தள்ளி வைத்தாள். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு வெள்ளை, ஏழரைக்குச் சோறு. அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. அம்மா பக்கத்தில் நின்று, "கொழம்பு எப்படி?" என்று கேட்டாள். "ம்" என்றார். இன்னும் கொஞ்சம் நின்றாள். அவர் மஞ்சளைக் கூப்பிட்டு விழுங்கிவிட்டு ரேடியோவிடம் போய்விட்டார்.

தட்டை எடுத்துக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனபோது அம்மா எனக்காகக் காத்திருந்தாள்.

"நீ நர்ஸுக்குப் படிக்கப் போறவ. ஒன்னு சொல்லு" என்றாள். "என் வெட்டு நல்லாருக்குன்னு சொன்னது அந்த மாத்திரையா, அவரா?"

நான் இன்னும் ஒரு வகுப்புக்கும் போயிருக்கவில்லை.

"அவருதாம்மா" என்றேன்.

அம்மா என் முகத்தை ஆராய்ந்து பார்த்தாள், டிரெசரிடம் கூடக் காட்டாத நம்பிக்கையோடு. பிறகு சரி என்று தலையாட்டிவிட்டு, விடியற்காலைக்காகக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தாள்.